உயர்நிலை வகுப்பில் லேப்டாப்: முதல் நாளுக்கு முன்பிருந்து ஆண்டு இறுதி வரை முழுமையான வழிகாட்டி

நான் பாடம் நடத்திய ஒரு பள்ளிக்கு 36 லேப்டாப்கள் வந்து இறங்கின. முதல் வகுப்பிலேயே எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்கச் சொன்னேன். 36 கணினிகளும் ஒரே நேரத்தில் அப்டேட்டை இறக்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 1 ஜிபி. பள்ளியின் இணைய இணைப்பு 20 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 20 மெகாபிட். கணக்குப் போட்டுப் பாருங்கள், 36 ஜிபி இறங்கி முடிய 4 மணி நேரம் ஆகும். வகுப்போ 45 நிமிடம். பிள்ளைகள் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய நாள் மாலை ஒருவர் உட்கார்ந்து அப்டேட்டை முடித்து வைத்திருந்தால் அந்த வகுப்பு வீணாகியிருக்காது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களையும், பள்ளியில் இந்த ஏற்பாட்டைப் பொறுப்பெடுத்துச் செய்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: லேப்டாப்பின் மூடி எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைப் பாடம்தான் முடிவு செய்ய வேண்டும். கையில் இருக்கிறது என்பதற்காகத் திறந்தால் நேரம் போகும், கவனமும் போகும்.

தொடங்கும் முன்: இதுவரை உலகம் பார்த்தது

பள்ளிக்கூடத்தில் லேப்டாப் என்பது புதிய யோசனை அல்ல. புத்தகம்போல் கையில் எடுத்துப் போகும் கணினி ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும் என்று அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஆலன் கே 1972-லேயே எழுதினார். அவர் அதற்கு வைத்த பெயர் டைனாபுக். 1990-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மெதடிஸ்ட் லேடீஸ் காலேஜ் என்ற பெண்கள் பள்ளி, மாணவிகள் ஆளுக்கொரு லேப்டாப்புடன் படிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2002-ல் தன் அரசுப் பள்ளிகளின் ஏழாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்தது. உருகுவே 2007-ல் பிளான் செய்பால் என்ற லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி, 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் கொடுத்து முடித்தது.

பலன்? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொடுத்த லேப்டாப்களைப் பற்றி 2012-ல் வெளியான பெரிய ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்றது. ஆய்வில் இருந்த பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. பாடத்தோடு கணினியை எப்படிச் சேர்ப்பது என்று ஆசிரியர்களுக்குப் போதுமான வழிகாட்டலும் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே வேறு விதமாகச் சொன்னது: பள்ளியில் கணினியை அளவாகப் பயன்படுத்திய மாணவர்கள், அரிதாகப் பயன்படுத்தியவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் பின்தங்கினார்கள். இன்னொரு பக்கம், ஆளுக்கொரு லேப்டாப் திட்டங்களைப் பற்றிய 10 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2016-ல் ஒரு பகுப்பாய்வு வந்தது. எழுத்து, ஆங்கிலம், கணக்கு, அறிவியல் நான்கிலும் அதில் நல்ல பலன் தெரிந்தது.

இந்த முடிவுகளைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது, பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிய இடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான்.

படி 1: பாடத்திட்டத்தை எடுத்து வைத்து மூன்று இடங்களைத் தேடுங்கள்

எந்தக் கணினி வாங்கலாம், எந்த மென்பொருள் போடலாம் என்ற பேச்சு அப்புறம். முதலில் அந்த ஆண்டின் பாடத்திட்டத்தை மேசையில் விரித்து வையுங்கள். "பிள்ளைகள் வழக்கமாக எங்கே முட்டி நிற்கிறார்கள்?" என்று ஒவ்வொரு பாடத்துக்கும் கேளுங்கள். முட்டி நிற்கும் இடங்களில், தாளும் கரும்பலகையும் தர முடியாத ஒன்றைக் கணினி தரும் இடங்கள் எவை என்று பாருங்கள். என் அனுபவத்தில் அவை நாலே வகைதான்.

ஒன்று, அசைவு. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை நிலையான படத்தால் காட்ட முடியாத இடம். இரண்டு, திருத்தம். ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்ப மெருகேற்ற வேண்டிய இடம். மூன்று, தரவு. நூற்றுக்கணக்கான அளவீடுகளைக் கையால் வரைபடமாக்கவே நேரம் போய்விடும் இடம். நான்கு, அணுகல். கண் பார்வை, காது, கை, வாசிப்பு ஆகியவற்றில் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பாடம் எட்டாமல் இருக்கும் இடம்.

முதல் பருவத்துக்கு மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். முப்பது வேண்டாம். மூன்றை நன்றாகச் செய்து பார்த்தால் மற்றவை தானே வரும்.

படி 2: ஆளுக்கொன்றா, இருவருக்கொன்றா?

ஆளுக்கொன்று கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். சில வேலைகளுக்கு இருவருக்கு ஒன்று என்பதுதான் நல்லது. ஒருவர் கீபோர்டைப் பிடிக்கிறார், இன்னொருவர் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்கிறார். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறார்கள். சொல்பவர் கீபோர்டைத் தொடக் கூடாது என்பது ஒன்றே விதி. அந்த விதியால்தான் யோசனை பேச்சாக வெளியே வருகிறது. ஆசிரியர் பக்கத்தில் நடந்து போகும்போது அது காதில் விழுகிறது. ஒரு பிள்ளை எந்த இடத்தில் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது விடைத்தாளில் தெரிவதைவிட இதில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கட்டுரை எழுதுவதற்கும் தனிப் பயிற்சிக்கும் ஆளுக்கொன்று வேண்டும். எனவே பாதி வகுப்புக்குப் போதுமான கணினிகள் இருந்தால், ஒரு பாதி எழுத, மறு பாதி வாசிக்க அல்லது விவாதிக்க என்று மாற்றி மாற்றி நடத்தலாம்.

கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது வேகமான சிப்பைவிட மூன்று விஷயங்களை முக்கியமாகப் பாருங்கள். பேட்டரி முழுப் பள்ளி நாளும் நிற்கிறதா? கீல் உறுதியாக இருக்கிறதா? பேட்டரி, கீபோர்டு, சார்ஜர் துளை ஆகியவற்றைத் தனியாக மாற்ற முடிகிறதா? பள்ளிக் கணினிகளில் முதலில் போவது பெரும்பாலும் கீலும் சார்ஜர் துளையும்தான். பிள்ளைகள் ஒற்றைக் கையால் திரையின் மூலையைப் பிடித்துத் தூக்குவதுதான் பாதிக் காரணம். திரையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று முதல் நாளே செய்து காட்டுங்கள்.

படி 3: மின்சாரமும் இணையமும்

ஒரு லேப்டாப் சார்ஜர் வழக்கமாக 45 முதல் 65 வாட். 40 கணினிகளை ஒன்றாகச் சார்ஜ் போட்டால் 65 வாட் கணக்கில் 2,600 வாட் வருகிறது. எக்ஸ்டென்ஷன் பலகையில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகி இதை ஓட்டுவது தீ விபத்துக்கு வழி. அறையின் வயரிங் இதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். 20, 20 ஆகப் பிரித்து நேரம் மாற்றிச் சார்ஜ் போட்டால் சுமை பாதியாகும். கணினிகளை அடுக்கி வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். நடுவே காற்றோட்டம் வேண்டும். விடுமுறைக்கு முன்பு பேட்டரியைப் பாதி அளவில் வைத்து அணைத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி முழுக்க நிரம்பியோ முழுக்கத் தீர்ந்தோ மாதக்கணக்கில் கிடந்தால் சீக்கிரம் வலு இழக்கும்.

இணையத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்குப் போட வேண்டும். சாதாரணத் தரத்தில் ஒரு வீடியோ ஓட ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் வேண்டும். 40 பேர் தனித்தனியாக அதே வீடியோவைத் திறந்தால் 40 எம்பிபிஎஸ். எல்லோரும் ஒரே வீடியோவைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்றால், அதை முந்தைய நாளே இறக்கிப் பெரிய திரையில் ஓட்டிவிடலாம். இணையம் அறவே இல்லாத பள்ளிகளும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கோலிப்ரி என்ற இலவச மென்பொருள், ஒரே ஒரு கணினியில் பாடங்களை வைத்து உள் வைஃபை மூலம் வகுப்பு முழுவதற்கும் கொடுக்கிறது. கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் விக்கிப்பீடியாவை இணையமே இல்லாமல் படிக்கலாம். கணித வரைபடம் போடும் ஜியோஜீப்ரா, கட்டுரை எழுதவும் அட்டவணை போடவும் உதவும் லிப்ரே ஆபீஸ் இரண்டையும் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை.

அப்டேட் நேரத்தைப் பள்ளி முடிந்த பிறகு ஓடுமாறு அமைத்துவிடுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: முதல் இரண்டு வாரம் பழக்கத்துக்கு

இந்த இரண்டு வாரத்தில் பாடம் கொஞ்சம் பின்தங்கும். பரவாயில்லை, ஆண்டு முழுக்க அது திரும்பக் கிடைக்கும்.

ஒவ்வொரு கணினியிலும் எண் ஒட்டுங்கள். வருகைப் பதிவேட்டில் 17-வது பெயருக்கு 17-வது கணினி, எப்போதும் அதுவே. யார் கையில் எது இருந்தது என்று தெரிந்தால் பிள்ளைகள் தாமாகவே பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். வரிசைக்கு ஒருவர் மட்டும் எழுந்து போய் எடுத்து வரட்டும். எடுத்து வந்து, திறந்து, உள்ளே நுழைய 3 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. கடிகாரம் வைத்துப் பழக்குங்கள்.

அப்புறம் ஒரு கட்டளைச் சொல் வேண்டும். நான் "பாதி மூடி" என்பேன். எல்லோரும் திரையைப் பாதி தாழ்த்தி என்னைப் பார்க்க வேண்டும். முழுக்க மூடினால் கணினி உறங்கிவிடும், மறுபடி நுழைய நேரம் ஆகும். பாதி தாழ்த்தினால் எதுவும் அணையாது, திரையும் கண்ணை இழுக்காது. இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாக் கட்டுப்பாட்டு மென்பொருள்களையும்விட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

ஆசிரியர் எங்கே நிற்பது? முன்னால் நின்றால் கணினிகளின் முதுகுதான் தெரியும். பின்னால் நின்று பாடம் நடத்திப் பழகுங்கள், அல்லது மேசைகளைச் சுவரோரமாக ப வடிவில் போட்டு நடுவே நில்லுங்கள். இதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், விரிவுரையின் நடுவே லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்கள் தேர்வில் 11 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். அவர்களுடைய திரை கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து, ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்கள் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றவும்தான் நாம் திரைகளைக் கவனிக்கிறோம். இதைப் பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

தட்டச்சையும் இந்த வாரங்களிலேயே தொடங்குங்கள். தினம் 10 நிமிடம், கீபோர்டைப் பார்க்காமல். எஃப், ஜே எழுத்துகளில் இருக்கும் சின்ன மேட்டை ஆள்காட்டி விரல்கள் தேடிப் பிடிக்கப் பழகட்டும். தமிழில் எழுத 1999-ல் வந்த தமிழ்99 கீபோர்டு அமைப்பைப் பரிந்துரைக்கிறேன்: உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். ஆங்கில ஒலியில் அடித்துத் தமிழ் வரவழைக்கும் முறை முதல் நாள் சுலபமாகத் தெரியும். ஆனால் பிள்ளை தமிழை ஆங்கில எழுத்தில் யோசிக்க ஆரம்பித்துவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

படி 5: ஒரு பாடத்தை முழுதாக நடத்திப் பார்ப்போம்

இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். ஒய் = ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி. இதில் ஏ, பி, சி மூன்றும் என்ன செய்கின்றன என்பதுதான் பாடம். தாளில் ஒரு வரைபடம் போட ஒரு பிள்ளைக்கு 10 நிமிடம் ஆகும். ஒரு வகுப்பில் நாலு வரைபடம் போட்டால் அதிகம். நாலு படத்தை வைத்து எந்த ஒழுங்கையும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் 10 நிமிடம் மூடி திறக்கக் கூடாது. ஏ = 1, பி = 0, சி = 0 என்று வைத்து ஒரு வரைபடத்தைத் தாளில் கையால் போடட்டும். பிறகு மூன்று கேள்விகள். சி-யைக் கூட்டினால் என்ன ஆகும்? ஏ-யைக் குறைத்துக்கொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? பி-யைக் கூட்டினால்? விடையைப் பேனாவால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. இந்த ஊகம் இல்லாவிட்டால் அடுத்து வருவது வெறும் பொம்மை விளையாட்டாகிவிடும்.

இப்போது திறக்கலாம். ஜியோஜீப்ராவில் ஏ, பி, சி மூன்றுக்கும் மூன்று நழுவுபட்டைகளை (ஸ்லைடர்) வைத்துச் சமன்பாட்டை அடிக்கட்டும். சி-யை இழுத்தால் வளைகோடு அப்படியே மேலும் கீழும் போகிறது. எல்லோரும் இதைச் சரியாக ஊகித்திருப்பார்கள். ஏ-யைக் குறைத்தால் கிண்ணம் அகன்றுகொண்டே போகிறது; பூஜ்யத்தில் சட்டென்று நேர்கோடாகிறது; அதற்குக் கீழே போனதும் கவிழ்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். "ஏன் நேர்கோடு?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பதில் சொல்லாதீர்கள், சமன்பாட்டில் ஏ-க்குப் பதிலாகப் பூஜ்யத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு ஏ-யை 1-க்கும் சி-யைப் பூஜ்யத்துக்கும் திருப்பிவிட்டு, பி. இதை ஏறக்குறைய எல்லோரும் தவறாக ஊகித்திருப்பார்கள். பக்கவாட்டில் நகரும் என்று எழுதியிருப்பார்கள். பி-யை இழுத்தால் வளைகோடு பக்கவாட்டில் மட்டும் போவதில்லை, கீழேயும் இறங்குகிறது. இங்கே முனைப்புள்ளிக்குத் தடம் விடும் வசதியைப் போடச் சொல்லுங்கள். பி-யை மெதுவாக -4-லிருந்து 4 வரை இழுக்கும்போது அந்தப் புள்ளி திரையில் ஒரு தடத்தை விட்டுக்கொண்டே போகும். அந்தத் தடம் கவிழ்ந்த இன்னொரு பரவளையம்! பி = 2 ஆக இருக்கும்போது புள்ளி (-1, -1)-ல் நிற்கிறது; பி = 4 எனும்போது (-2, -4)-ல்.

"பாதி மூடி." இனி தாள்தான். முனைப்புள்ளியின் எக்ஸ் மதிப்பு -பி / 2ஏ என்பது அவர்களுக்குத் தெரியும். ஏ = 1, சி = 0 என்று வைத்து, அந்தப் புள்ளி நகரும் பாதையின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒய் = -எக்ஸ்² என்று வரும். திரையில் கண்ணால் பார்த்த தடம் தன் கையெழுத்தில் விடையாக வந்து நிற்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்கு அந்த முகமும் ஒரு காரணம்.

இந்த 45 நிமிடத்தில் கணினி திறந்திருந்தது ஏறக்குறைய 15 நிமிடம். முன்னால் ஊகம், பின்னால் நிரூபணம், நடுவில் திரை. அறிவியலுக்கும் இதே வரிசை சரிவரும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற திரைச் சோதனைகள் (சிமுலேஷன்) 2002-லிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் மின்சுற்று அமைக்கும் பகுதியில் பேட்டரியின் இரு முனைகளையும் நேராகக் கம்பியால் இணைத்தால் தீ எரிவதுபோல் காட்டும். பயமில்லாமல் தப்புச் செய்து பார்க்கலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மறுநாள் உண்மையான பல்பும் கம்பியும் கையில் கொடுங்கள். இணைப்புத் தளர்ந்தால் பல்பு எரியாது என்பதைத் திரை சொல்லித் தராது.

படி 6: எழுத்துப் பாடத்தில் லேப்டாப்

என்னைக் கேட்டால், லேப்டாப்பின் மிகப் பெரிய உதவி இங்கேதான். தாளில் எழுதிய கட்டுரையைத் திருத்தச் சொன்னால் பிள்ளை எழுத்துப் பிழையை மட்டும் திருத்தும். ஏனென்றால் முழுதும் திரும்ப எழுதக் கை வலிக்கும். திரையில் மூன்றாம் பத்தியைத் தூக்கி முதலில் வைத்துப் பார்க்க இரண்டு நொடி போதும். பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துவிடலாம்.

நான் செய்யும் முறை இது. முதல் வரைவு வகுப்பிலேயே, 25 நிமிடத்தில். நான் ஒவ்வொருவருக்கும் இரண்டே குறிப்பு எழுதுவேன். ஒன்று "இந்த இடத்தில் எனக்கு இன்னும் தெரிய வேண்டும்" என்று ஒரு வரியைக் காட்டி, இன்னொன்று "இது இல்லாமலும் கட்டுரை நிற்கும்" என்று ஒரு வரியைக் காட்டி. பிழைகளைத் தொட மாட்டேன். இரண்டாம் வரைவு அடுத்த வகுப்பில். ஒருமுறை ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள்: "அவர் மிகவும் அன்பானவர், கடின உழைப்பாளி." இந்த வரிக்குத்தான் இன்னும் தெரிய வேண்டும் என்று எழுதினேன். இரண்டாம் வரைவில் அந்த வரி போய்விட்டது. அதற்குப் பதிலாக, கண் தெரியாத பாட்டி ஒவ்வொரு இரவும் கதவின் தாழ்ப்பாளை மூன்று முறை தடவிப் பார்ப்பதை எழுதியிருந்தாள். பழைய வரைவும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் தான் என்ன செய்தாள் என்பது அவளுக்கே தெரிந்தது. அதற்குத்தான் வரைவுகளைத் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கச் சொல்கிறேன், பழையதன்மேல் எழுத விடுவதில்லை.

குறிப்பெடுப்பது வேறு விஷயம். லேப்டாப்பில் எடுப்பவர்கள் கேட்டதை அப்படியே அடித்துவிடுகிறார்கள், கையால் எழுதுபவர்கள் சுருக்கி யோசித்து எழுதுகிறார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் குறிப்பேடு கையெழுத்தில் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். படம், அம்புக்குறி, ஓரக் குறிப்பு எல்லாம் கையால்தான் சட்டென்று வரும்.

பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, முதல் வரைவை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. வகுப்பில் என் கண் முன்னால் எழுத வேண்டும். முடித்ததும் இரண்டு நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். தான் எழுதியதைப் பற்றிப் பேச முடியாத பிள்ளை, உதவி தேவைப்படும் பிள்ளை. தண்டனைக்கு அங்கே இடமில்லை.

படி 7: எட்டாமல் இருந்த பிள்ளைக்கு

வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு, உரையை ஒலியாகச் சொல்லும் வசதியும் ஒரு ஹெட்போனும் போதும். பார்வையற்ற மாணவருக்கு, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் 2006-ல் தொடங்கிய முயற்சி அது. குறைந்த பார்வை உள்ளவருக்கு எழுத்தளவைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வையுங்கள். இந்த அமைப்புகளை அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாகக் காட்டாதீர்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரு நாள் காட்டுங்கள். யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள், யாரும் கூச்சப்பட வேண்டியிருக்காது.

பாடத் தாள்களைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் திரைவாசிப்பானால் படிக்க முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பழைய எழுத்துரு முறைகளில் அடித்த தமிழும் இப்படித்தான், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது வேறு ஏதோ எழுத்து.

படி 8: வீட்டுக்குப் போகும்போது

வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதென்றால் பெற்றோரை ஒருமுறை பள்ளிக்கு அழைத்து, அவர்கள் கையிலேயே கணினியைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு, தொலைந்தால் என்ன செய்வது, இரவு எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்குள் எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். பயத்தால் கணினியை உறை பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தற்செயலாக உடைந்தால் பிள்ளை தயங்காமல் வந்து சொல்லும் சூழல் இருக்க வேண்டும்.

வீட்டில் இணையம் உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே வீட்டுப்பாடம்தான். அதனால் இணையம் கட்டாயம் தேவைப்படும் வேலையை வீட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நாலு சாதாரணச் சொற்களைச் சேர்த்த நீளமான தொடர், சின்னதாகவும் சிக்கலாகவும் இருப்பதைவிட நல்லது, நினைவிலும் நிற்கும். பிள்ளைகளின் பெயர், படம், மதிப்பெண் ஆகியவற்றைக் கேட்கும் எந்த இலவசச் செயலியையும், அது அவற்றை என்ன செய்கிறது என்று படித்துப் பார்க்காமல் வகுப்புக்குள் கொண்டு வராதீர்கள். கண்ணுக்கு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 நொடி பார்க்க வேண்டும்.

படி 9: பயன் இருக்கிறதா என்று பார்ப்பது

எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கைத் தயவுசெய்து வெற்றியாகக் காட்டாதீர்கள். படி 1-ல் தேர்ந்தெடுத்த மூன்று பாடங்களுக்கு வாருங்கள். பிள்ளைகள் முன்பு முட்டி நின்ற அதே இடத்தில் ஐந்து கேள்விகள் தயாரித்து, கணினி இல்லாமல் தாளில் விடை எழுதச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு விடைத்தாள்கள் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு சக ஆசிரியர் ஒருவரை வகுப்பின் பின்னால் உட்காரச் சொல்லி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை திரைகளில் பாடம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். இந்த எண்ணிக்கை உங்களுக்கு மட்டும். மேலே அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அடுத்த முறை உண்மையான எண் கிடைக்காது.

பலன் தெரியாத பாடத்தில் கணினியை எடுத்துவிடுங்கள். ஒரு பருவம் முயன்று, சரிவரவில்லை என்று கரும்பலகைக்குத் திரும்பிய பாடங்கள் என்னிடம் உண்டு. கவிதை அவற்றில் ஒன்று. அதை வாய்விட்டுப் படித்துக் கேட்டால்தான் பிள்ளைகளுக்குள் இறங்குகிறது.

படி 10: ஆண்டு இறுதி

கணினிகளைத் திரும்ப வாங்கும் வாரத்தை முன்கூட்டியே அறிவியுங்கள். எண் வாரியாக ஒரு தாளில் கீல், கீபோர்டு, திரை, சார்ஜர், பேட்டரி ஐந்தையும் சோதித்துக் குறியுங்கள். உடைந்த இரண்டிலிருந்து பாகங்களை எடுத்து ஒன்றை ஓட வைக்கும் வேலைக்கு ஆர்வமுள்ள மாணவர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருகாணியைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் படிப்புதான். உப்பிய பேட்டரியை மட்டும் மாணவர் யாரும் தொடக் கூடாது; அதைத் தனியாக எடுத்து வைத்து, மின்கழிவு வாங்குபவர்களிடம் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் அழித்து அடுத்த வகுப்புக்குத் தயார் செய்வதற்கு முன்பு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கோப்புறையைத் திறந்து, ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய முதல் வரைவைப் படிக்கட்டும். எதைத் தன்னோடு எடுத்துப் போக வேண்டும் என்று அதுவே தேர்ந்தெடுக்கட்டும். அதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த பிறகுதான் அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.